மேசையில் ஒன்பதாவது ஆள்

நோணாங்குப்பத்தில் டூரிஸ்ட் போட் ஓட்டுகிறேன். படிப்பு ஏழாவது. என் மனைவி உழவர்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தபால் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் எழுதினாள். எல்லாப் பேப்பரும் பாஸ், ஒன்றைத் தவிர. நாவலை எப்படி ஆராய்வது என்கிற பேப்பர். ரெண்டு தடவை போச்சு. மூன்றாவதுதான் கடைசி. அதுவும் போனால் மற்ற பேப்பரெல்லாம் வீண்.

கூட ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"மச்சான், ஊட்ல இங்கிலீஷ்ல திட்டுனா என்னாடா பண்ணுவ?"

தமிழில் திட்டினாலே பாதிதான் புரியுது என்றேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு நான் வெங்காயம் உரிப்பேன். அவள் படித்ததைச் சொல்லுவாள். ஒரே நாவலை ஒருத்தர் யார் உழைக்கிறான், யார் தின்கிறான் என்று பார்ப்பாராம். இன்னொருத்தர் பொம்பளைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பாராம். ஒருத்தர் மனசுக்குள் கிடப்பதைத் தோண்டுவாராம். கதை சொல்கிறவனையே நம்பலாமா என்று கேட்கிறவரும் உண்டாம்.

படித்தோமா, நன்றாக இருந்ததா, அவ்வளவுதானே என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ரெண்டு தடவையும் அப்படித்தான் கதையைச் சுருக்கி எழுதிவிட்டு வந்தாளாம்.

பாடத்தில் இருந்தது ஒரு பெரிய வீட்டுக் கதை. மூத்த பெண்ணை ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பேசுகிறார்கள். அவளுக்கு இஷ்டமில்லை. அந்தக் குடும்பத்துக்கு நண்பன் ஒருத்தன், அவன்தான் முழுக்கதையும் சொல்கிறான். இரக்கமானவன். பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பெண்ணுக்காக வருத்தப்படுகிறான்.

விருந்து மேசையில் வைத்துக் கல்யாணத்தை முடிவு செய்கிறார்கள். யார் யார் உட்கார்ந்தார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல நான் எண்ணினேன். பழக்கம். தலை எண்ணாமல் நாங்கள் கயிறு அவிழ்க்க மாட்டோம்.

எட்டு என்றேன். ஒன்பது தட்டு வைத்ததாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள். மறுபடி எண்ணினேன். எட்டுதான். எழுதினவன் தப்பு பண்ணிட்டான் என்றேன். அவளும் எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"கதை சொல்றவன வுட்டுட்டீங்க."

ஆமாம். ஏறுகிறவர்களைத்தான் எண்ணுவோம். போட் ஓட்டுகிறவன் தன்னை எண்ண மாட்டான். அதே நினைப்பில் அவனையும் விட்டிருக்கிறேன்.

"அவனும் அங்கதான் சாப்ட்டுட்டு இருந்தானா?"

"ஆமா."

"அந்தப் பொண்ணுக்காக எதனா பேசினானா?"

புத்தகத்தைப் புரட்டினாள். நான் வெங்காயம் முழுக்க உரித்து முடித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை அவன். கறி நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"இத்தினி நாளா இவன நல்லவன்னு நெனச்சிட்டு இருந்தேங்க."

அடுப்பை மறந்து எழுத உட்கார்ந்துவிட்டாள். குழம்பு அடிப்பிடித்தது. சாப்பிட்டோம்.

பரீட்சைக்கு பைக்கில் கொண்டுபோய் விட்டேன். மூன்று மணி நேரம் எதிர் டீக்கடையில் இருந்தேன். வெளியே வந்தவள், அந்த மேசையைப் பற்றி மட்டும் ஆறு பக்கம் எழுதியதாகச் சொன்னாள். கதையைச் சுருக்கினாயா என்றேன். ஒரு வரி கூட இல்லை என்றாள். எனக்குக் கொஞ்சம் பயம்தான். சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த அன்று நான் ட்ரிப்பில் இருந்தேன். போன் அடித்தது. போட் ஓட்டும்போது எடுப்பதில்லை. திரும்பி வந்தால் அவளே துறையில் நிற்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கயிறு கட்டி, எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் மேலே போனேன்.

"பாஸுங்க. அறுவத்தி ரெண்டு."

சரி என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மீதி ட்ரிப்பை இன்னொருத்தனிடம் விட்டுவிட்டு, ரெண்டு பேரும் வீராம்பட்டினம் போய் வஞ்சிரம் வாங்கினோம். அவள் பேரம் பேசவே இல்லை.