அனார்குல்லின் காலை நேரக் குரல்

நாரின் என்ற மலை ஊரில் டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு அனார்குல்லின் முகத்தைவிட அவள் குரல்தான் பழக்கம். டாக்சி ஆபீஸில் மைக் முன்னால் உட்கார்ந்து, யார் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று வண்டி ரேடியோவில் விரட்டுகிற வேலை அவளுக்கு. டிரைவர்கள் அவளை அக்கா என்ற முறையில் 'எஜே' என்பார்கள்.

குளிர்காலத்தில் நிமோனியா வந்து, தொண்டைக்குள் மூச்சுக்குழாய் செருகி, பிழைப்பாளா என்று கிடந்து பிழைத்தாள். குழாயை எடுத்ததும் தண்ணீர் கேட்டாள். குரலுக்குப் பதில் வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்ச நாளில் சரியாகும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் பனி உருக ஆரம்பித்தும் காற்றுதான்.

அவள் கிசுகிசுத்தால் வீடே கிசுகிசுத்தது. கணவன் ஜோல்தோஷ் பிள்ளைகளைத் திட்டுவதைக்கூட ரகசியம் போலத் திட்டினான்.

"நீ எதுக்கு மெதுவா பேசுற? எனக்குத் தொண்டைதான் போச்சு, காது போகலை."

"தானா அப்படி வந்துடுது. நீ இதைக் குடி."

ஆட்டு வால் கொழுப்பை உருக்கிச் சூடான பாலில் விட்டிருந்தான். குடித்தால் நெஞ்சு எரிந்தது.

ஆபீஸில் அவள் நாற்காலியில் இப்போது அய்ஜிரெக் என்ற சின்னப் பெண். முதலாளி தாலாய் கெட்டவனில்லை. "நூருஸ் பண்டிகை வரைக்கும் உங்க இடம் உங்களுக்குத்தான் எஜே. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்ல?" என்றான். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே அவளுக்கு எரிச்சல்.

ஜோல்தோஷ் அவளைத் தலைநகர் பிஷ்கேக்குக்கு அழைத்துப் போனான். மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டரம்மா சொன்னாள்:

"ஒரு பக்கத்துக் குரல் நாண் சோம்பிக் கிடக்கு. ஆனா அசையுது. இன்னொண்ணு அதைத் தேடி வரப் பழகணும். கிசுகிசுக்காதீங்க, அதுவும் தொண்டைக்குச் சுமைதான். கனைக்காதீங்க. அந்தக் கொழுப்புப் பாலை உங்க வீட்டுக்காரருக்கே குடுங்க."

கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வர 'ஊம்' என்று முனகச் சொன்னாள். அனார்குல் தினமும் முனகினாள். தாகத்தில் கன்றுக்குட்டி தண்ணீர் உறிஞ்சுகிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் குமிழிக்கு நடுவே லேசாக ஓர் ஒலி எழுந்தது. ஆண்குரல் போலத் தடித்த ஒலி. அவள் நம்பாமல் மறுபடி முனகிப் பார்த்தாள். இருந்தது.

வசந்தப் பண்டிகையான நூருஸ் நெருங்கும்போது திடீரென்று மறுபடி பனி கொட்டியது. அன்று நிலவரம் பார்க்க ஆபீஸுக்குப் போனால், போன்கள் ஓயாமல் அடிக்க, அய்ஜிரெக் அழுதுகொண்டிருந்தாள்.

"எஜே, கொஞ்சம் பிடிங்க!"

மைக்கை வாங்கியதும் பழைய வேகத்தில் ஒரு டிரைவரை "கெங்கேஷ்!" என்று கத்திக் கூப்பிட்டாள். குரல் பாதியில் கிழிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

"எஜேவா?" கெங்கேஷ்தான் பேசினான். "கத்தாதீங்க எஜே. மைக்கை வாய்கிட்ட வெச்சுப் பேசுங்க, அதுக்குத்தானே அது இருக்கு. இத்தனை வருஷம் நீங்க போட்ட சத்தத்துல எனக்கு ஒரு காது போச்சு."

"உனக்கு ரெண்டுமே போச்சுடா, அதான் சொன்ன தெருவுக்குப் போக மாட்டேங்கிற," என்றான் இன்னொருத்தன்.

அனார்குல் மைக்கை உதட்டருகே கொண்டு வந்தாள். "ஆஸ்பத்திரி வாசல்ல கைக்குழந்தையோட ஒரு பொண்ணு நிக்குது. சீக்கிரம் போ, கெங்கேஷ்."

"கிளம்பிட்டேன் எஜே."

அந்தத் தாழ்ந்த குரலிலேயே ஒவ்வொரு வண்டியாக அனுப்பினாள். மத்தியானம் நெருங்கக் குரல் தேய்ந்தது. முழுசாகப் போகும் முன்னே மைக்கை அய்ஜிரெக்கிடம் கொடுத்துவிட்டு, பின்னால் நின்ற தாலாயிடம் திரும்பினாள்.

"காலையில நான் பார்க்கறேன். மத்தியானத்துக்கு மேல இவ பார்க்கட்டும். தொண்டை தேறத் தேற நேரத்தைக் கூட்டிக்கலாம்."

"காலையிலதானே எஜே நெரிசல்?"

"அதான் சொல்றேன். இவளுக்கு இன்னும் பாதித் தெரு தெரியாது."

அய்ஜிரெக் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாலாய் வேலைப் பட்டியலை எடுத்துத் திருத்தினான்.

"சரி. நாளைக்கே வந்துடுங்க. எட்டு மணிக்கு, சரியா?"

அனார்குல் தலையை மட்டும் ஆட்டினாள். மிச்சமிருந்த குரல் நாளைக்கு வேண்டும்.