சொட்டு மருந்தும் சவரக் கத்தியும்

என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், சலூன் வைத்திருக்கிறார். வாய்க்குப் பூட்டே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மாமியார் சண்டை வரை கறந்துவிட்டுத்தான் துண்டை உதறுவார். சமீபத்தில் ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதா நீளமாகிவிட்டது. தலையே கோணல் என்று அவரிடமே சொல்லி அனுப்பிவிட்டார்.

மச்சானுக்குக் கண் அழுத்த நோய். பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் குறையும், தினமும் ஒரு தடவை சொட்டு மருந்து போட்டால் தடுத்து நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செக்கப்புக்கு மச்சான் தவறாமல் போவார். அழுத்தம் எப்போதும் சரியாக இருக்கும். பாராட்டு வாங்கிவந்து எங்களிடம் பீற்றிக்கொள்வார்.

இந்த முறை நானும் அக்காவும் துணைக்குப் போனோம். ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். மச்சான் பாதி நேரம் சும்மாவே இருந்தார். எழுந்து வந்து, மெஷின் ரிப்பேர், புள்ளியே வரவில்லை என்று அங்கிருந்த பெண்ணிடம் சட்டம் பேசினார். அவள் மெஷினிலிருந்து வந்த படத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள்.

டாக்டர் படத்தைக் காட்டினார். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் பார்வை போன கறுப்பு. அழுத்தம் கட்டுக்குள் இருந்தும் பார்வை போகிறது என்றால் மருந்து போதவில்லை, ஆபரேஷன்தான் என்றார். அப்போதுதான் மச்சான் உண்மையைக் கக்கினார்.

"தினமும் போடல டாக்டர். இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் போடுவேன். காலைல போட்டா கண்ணு மங்குது. கழுத்துல கத்தி வைக்கிற தொழிலு, எப்படிப் போடறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ராத்திரி படுக்கும்போது போட்டிருக்கலாமே," என்றார் டாக்டர். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இனிமே ஒழுங்கா போட்டா, இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். போனது வராது."

ஊர் விஷயமெல்லாம் கேட்கிற மனுஷர் இதை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். வாடிக்கைக்காரர் ஒருவர் முகத்தில் நுரை பூசிவிட்டு மச்சான் கத்தியோடு நின்றிருந்தார். பேச்சே இல்லை. அசையாமல் வாடிக்கைக்காரரின் கழுத்தைப் பார்த்தார், பிறகு தன் தலையை மெல்லத் திருப்பிக் காதோரத்தைப் பார்த்தார். ஒரே பார்வையில் இரண்டும் அகப்படவில்லை என்று எனக்கே புரிந்தது.

கத்தியை மடக்கி வைத்தார். துண்டால் நுரையைத் துடைத்துவிட்டார்.

"இன்னைக்கு வேற கடைக்குப் போயிடுங்கண்ணே," என்றார்.