நான்காம் வார்த்தைக்குப் பிறகு

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தின லெந்து நாட்கள் முழுவதும் என் அம்மாவும் அத்தையும் இசைத்தாள் வைத்த ஒரே ஸ்டாண்டைப் பார்த்து வயலின் வாசித்தார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசி நான் பார்க்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமா கல்ஃபில் இருந்தார். எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். தாத்தாவின் தென்னைவிளையைப் பாகம் வைத்தபோது கிணறு யார் பக்கம் வரவேண்டும் என்பதில் அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சு தடித்துவிட்டது. அந்தக் கிணற்றில் அப்போதே தண்ணீர் கிடையாது. ஆனாலும் அப்பா, இனி இந்த வீட்டு ஆள் யாரும் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அறிவித்தார். அம்மா தலையாட்டினாள். இந்தத் தடை எனக்குப் பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

வயலின் எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒன்றும் அதிசயமில்லை. ஞாயிறு பாடலுக்கு வாசிப்பார்கள், கல்யாணத்துக்கு வாசிப்பார்கள், அடக்கத்துக்கும் வாசிப்பார்கள். எங்கள் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். பாடகர் குழுவையும் எங்களையும் சேர்த்து நடத்தியவர் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்த ஒருவர் செல்லோவைப் பெரிய பிள்ளையைப் போல ஆட்டோவில் அணைத்துக்கொண்டு வருவார். இரண்டு நர்சுகள், கல்லூரிப் பையன்கள் சிலர், கடைசி வரிசையில் நான். எனக்குத் தரப்பட்டவை நீளமான, விரலே வைக்க வேண்டாத ஸ்வரங்கள்.

அந்த வருடம் பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனைக்காகப் பயிற்சி நடந்தது. சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகள், ஒவ்வொரு பிரசங்கம் முடிந்ததும் நாங்கள் ஒன்று வாசிக்க வேண்டும். மாஸ்டர் இணையத்தில் தேடி எடுத்து, ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சிலது பழைய கீர்த்தனை மெட்டு, சிலது வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய மெதுவான துண்டுகள். கைவிடப்பட்டதைச் சொல்லும் நான்காம் வார்த்தைக்குப் பிறகு மட்டும் ஒரு வயலின் தனியாக எழும்பும். அது அத்தைக்கு. வேறு யாருக்கும் என்று மாஸ்டர் யோசித்திருக்கவே மாட்டார். முந்தின கிறிஸ்மஸில் அவள் வாசித்ததைக் கேட்டு, வெளியூரிலிருந்து வந்த ஆயர் பிரசங்கத்தை மறந்து நின்றார்.

பயிற்சி சனிக்கிழமை சாயங்காலங்களில், கோயிலை ஒட்டிய ஹாலில். அத்தை வெளிப்பக்க நாற்காலி, அம்மா உள்பக்கம். தாளைப் புரட்டுவது உள்பக்கத்துக்காரர் வேலை. அத்தை கண்ணை அசைக்கும் முன்பே அம்மா புரட்டிவிடுவாள். பேசாதவர்களுக்கு இது எப்படித் தெரிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

லெந்தின் பாதியில் அத்தையின் வாசிப்பு மோசமாயிற்று. உயரமாக ஏறுகிற இடத்தில் ஸ்வரம் சறுக்கும். அவள் தந்தியைக் குறை சொன்னாள், புதுத் தந்தி போட்டாள். பிறகு புழுக்கத்தைச் சொன்னாள். மாஸ்டர் ஒவ்வொரு முறையும், “பரவாயில்ல டீச்சர், இன்னொருக்க பாப்போம்” என்பார். அம்மா மட்டும் ஸ்டாண்டைப் பார்க்காமல் அத்தையின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

என் சந்தேகம் சீக்கிரமே உறுதியானது. ஒரு நாள் மத்தியானம் பள்ளி சீக்கிரம் விட்டு வீட்டுக்கு வந்தால், அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வயலின். சத்தம் வெளியே போகாமல் இருக்க, தந்தி மேல் ரப்பர்க் கட்டையை மாட்டி அம்மா வாசித்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய பகுதி அல்ல. அத்தையுடையது. கிணற்றை எடுத்தது போதாதென்று இதையும் எடுக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே மதிலைச் சுற்றிப் போய் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அம்மை ஒனக்க சோலோவ வாசிச்சுப் படிக்கா, அத்தை. கதவச் சாத்திக்கிட்டு.”

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

“நல்லா வாசிக்காவளா?”

“மேல ஏறுக எடத்துல நிக்குது.”

“எனக்கும் அங்கதான் நிக்குது,” என்று அத்தை சிரித்தாள். தம்ளர் சாய்ந்து டீ மடியில் சிந்தியது. அதை அவள் துடைக்கவில்லை. “மக்கா, ஒங்கம்மைட்ட நான் சொன்னேன்னு சொல்லு. அந்த எடத்துல நாலாம் வெரல வைக்காண்டாம். கைய முன்னாலயே மேல ஏத்திட்டு மூணாம் வெரல வச்சா தன்னால வரும்.”

இதை ஒரு குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, அதே குத்தல் குறையாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

“வேற என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. டீயச் சிந்தினா.”

அம்மா என்னைத் திட்டவில்லை, அந்த வீட்டுக்கு ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த உயரமான இடம் நிற்காமல் வரத் தொடங்கியது. அடுத்த வாரம், தன் தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா காலையில் பஸ் ஏறினாள். இருட்டிய பிறகு திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரக் காற்று என்றாள்.

பெரிய வெள்ளி அன்று காற்றே இல்லை. கோயிலில் எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். ஃபேன் சுற்றியும் வியர்த்தது. முதல் மூன்று வார்த்தைகள் முடிந்தன. நான்காவதைப் பேசியவர் நீளமாகப் பேசினார். அவர் இறங்கியதும் மாஸ்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை எழுந்து ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து, சபைக்கு முகம் கொடுத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா நாற்காலியில் மறைந்துபோனாள். பின்வரிசையில் இருந்ததால் எனக்கு இருவரையும் பக்கவாட்டில் பார்க்க முடிந்தது.

முதல் வரியை அத்தை வாசித்தாள். தாழ்ந்த ஸ்வரங்கள், அவளுக்கே உரிய அழுத்தமான வில். கோயிலில் இருமல் நின்றது. இரண்டாம் வரி ஏறத் தொடங்கும் இடத்தில் அவளுடைய வில் தந்தியிலிருந்து ஒரு நெல் அளவு மேலே எழும்பியது. இசை நிற்கவில்லை. அம்மா வாசித்துக்கொண்டிருந்தாள். குனிந்து, யாரையும் பார்க்காமல், மூன்றாம் விரலை வைத்து ஏறிப் போனாள். அத்தையின் வில் காற்றில் போய்வந்தது. இடது கை விரல்கள் மடங்கிப்போய் வயலினின் கழுத்தைச் சும்மா பிடித்திருந்தன. மாஸ்டரின் கை தாளத்தை விடவில்லை. செல்லோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி ஸ்வரம் வரைக்கும் அத்தை நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். “டீச்சர், இன்னிக்கு எங்கள அழ வச்சிட்டிய” என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். அத்தை, “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றாள். அம்மா ஒரு ஓரத்தில் வில்லைத் தளர்த்தி, இரண்டு வயலின்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உலகம் தலைகீழானது. திருடியவள் அம்மா அல்ல, அத்தை. அம்மாவின் வாசிப்பைக் கோயில் நடுவில் நின்று தன்னுடையது என்று வாங்கிக்கொண்டாள்.

அந்த வருட மழைக்காலத்தில் பள்ளிப் படியில் அத்தை விழுந்தாள். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி, முதலில் ஒரு கை, பிறகு மற்றது, பிறகு கால், கடைசியில் மூச்சு. மாமா வேலையை விட்டு வந்தார். அப்பா தினமும் மதிலைச் சுற்றிப் போய் அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்தார். பேசுவதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை, அவளால் பேசவும் முடியவில்லை. கிணற்றைத் தூர்த்தார்கள். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவளை அடக்கம் செய்தோம். குழு வாசித்தது. அம்மா வாசிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கும் பல வருடங்களுக்குப் பிறகுதான் அம்மா அந்த பஸ் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். அன்று அவள் போனது தன் தாய்வீட்டுக்கு அல்ல, அத்தையோடு திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு. கிணற்றுச் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசியது அந்த பஸ்ஸில்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அத்தை, “யார்ட்டயும் சொல்லாண்டாம் மைனி. தெரிஞ்சா மைக்குல எனக்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணிருவாவ. பெரிய வெள்ளிக்கு மட்டும் என்ன ஒக்கார வச்சிராதிய” என்று கேட்டாளாம்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரிய வெள்ளி சாயங்காலம் அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“நீதான வாசிச்ச? ஏன் அத்தை வாசிச்சதா எல்லாரும் சொல்லுகாவ? நீ ஏன் ஒண்ணும் பேசல?”

அம்மா அகப்பையைப் பானையிலேயே வைத்தாள்.

“வாசிக்கதுல என்னட்டி இருக்கு,” என்றாள். “நிக்கதுதான் பாடு.”

காலையிலிருந்து உபவாசம், மூன்று மணி நேர ஆராதனை. அத்தைக்குக் கால் வலித்திருக்கும் போல என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும்தான் வலித்தது, நான் யாரிடமும் சொல்லவில்லையே என்று நினைத்தபடி கஞ்சியைக் குடித்தேன்.