சக்கரபாணியின் குதிகால்

"நிக்காதீங்க, நவுருங்க, நவுருங்க" என்று கிரிவலம் போகிறவர்களை விரட்டிக்கொண்டே வருகிறார் சக்கரபாணி. மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கிழவியைக்கூட விடுவதில்லை. மலைக்கு அவசரமில்லை, கிழவிக்கும் இல்லை. இவருக்கு மட்டும் என்ன கொள்ளை போகிறதோ.

ஒரு பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவர். முதலாளி இறந்து மகன்கள் வண்டிகளைப் பங்கு போட்டபோது, இரண்டு பக்கத்துக்கும் இவரே ராப்பகலாக நின்றார். ஒருநாள் விசிலை வாயில் வைத்தபடி தரையில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. டிரைவர்கள் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள். அதோடு வேலையும் போயிற்று, தூக்கமும் போயிற்று. மலையைச் சுற்றினால்தான் கண் மூடுகிறதாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கீழ்பென்னாத்தூரில் மல்லாக்கொட்டை மூட்டை சுமந்து, இன்று சொந்தமாகக் கடலை மண்டி வைத்திருக்கிறேன். படுத்தால் தூங்குகிறேன். உழைப்பு ஆளைக் கவிழ்க்கும் என்று இவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மண்டியிலே கட்டில் போட்டுத் தருகிறேன் என்றேன். "ஒருத்தர் தயவுல கெடக்கறது நமக்கு ஆவாதுங்க" என்றார். என்னிடமே! அடியண்ணாமலையில் மோர்ப்பந்தல் வைத்திருக்கும் கன்னியம்மாளிடமும் இதே வீம்பு. ஊரெல்லாம் சும்மா வாங்கிக் குடிக்கிற மோர். இவர் மட்டும் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவார்.

போன வாரம் கருவேல முள் குதிகாலில் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. சீழ் கோத்து, பாதம் பூசணிக்காயாக வீங்கிப்போயிற்று. நடை நின்றால் தூக்கம் நிற்கும், பழையபடி விழுந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கே உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக என் வில்வண்டியைக் கட்டச் சொன்னேன். இந்த ஊரில் அப்படி ஒரு ஜோடி மாடு கிடையாது. அதுவும் வேண்டாமாம். நொண்டிக்கொண்டே சுற்றினார்.

நேற்று கன்னியம்மாளின் பந்தலுக்கு வந்து சரிந்து உட்கார்ந்தார். அந்த நிலையிலும் கண் குடத்தைத் தேடியது. அவள் குடத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முள்வாங்கியை எடுத்தாள்.

"காலைக் குடு தம்பி."

"பெரியவங்க நீங்க, என் காலைத் தொடறதாவது. பாவம்க்கா."

"மாட்டுக்கு லாடம் கட்டறாப்பல நாலு ஆளு புடிக்கணுமா உன்னை?"

"அப்ப நான் இன்னா செய்யட்டும் உங்களுக்கு?"

"ஒண்ணும் செய்யாத. அதான் உனக்கு வேலை."

மோர்க்குவளையோடு எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வேட்டி நுனியால் பாதத்து மண்ணைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.