திரும்பி வந்த தட்டுகள்

அந்த இந்திய உணவகத்தில் சாப்பிட வருகிறவர்களின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் அவர்களுடைய தட்டுகளை மட்டும்தான்.

சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுச்சுவரில் ஒரு சதுரத் திறப்பு. அதன் ஒரு பாதி வழியாகச் சூடான உணவு வெளியே போகும். மறுபாதி வழியாக எச்சில் தட்டுகள் உள்ளே வரும். அதற்கு நேர் கீழே இரண்டு தொட்டிகள், ஒரு குப்பை வாளி, முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு அவள். பத்தொன்பது வருடங்களாக அவளுடைய உலகம் அவ்வளவுதான்.

தலைமைச் சமையல்காரர் அவளுடைய கணவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அதனால் அவள் எல்லோருக்கும் அண்ணி.

தட்டை வழிக்கும்போதே அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிடும். ரொட்டியால் துடைத்து எடுத்தது போல வந்தால் மாஸ்டரின் கை ஜெயித்துவிட்டது. மிச்சத்தின் மேல் காகிதக் கைக்குட்டையைப் போர்த்தி அனுப்பியிருந்தால் பிடிக்கவில்லை, ஆனால் சொல்ல மனமில்லாத நல்ல மனிதர். இரண்டு தட்டுகள் தொடப்படாமலே வந்தால் சமையலில் குறையில்லை. அந்த மேசையில் யாரோ யாரிடமோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்கள்.

"ஆறாம் மேசையில சண்டை" என்பாள், தொட்டியை விட்டு நிமிராமலே.

பரிமாறுகிற பெண் திறப்பு வழியே தலையை நீட்டுவாள். ஓயாத வாய் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "ஐயோ, ஆமா அண்ணி! அந்தப் பொண்ணு அழுதுட்டே எழுந்து போயிட்டா. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஜோசியம் சொல்ல உட்காருங்க, நான் வாசல்ல டோக்கன் கொடுக்கறேன்."

பகல் கூட்டம் ஓய்ந்து அடுப்பைத் தணித்ததும் மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி தொட்டிப் பக்கம் வருவார். வந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"எத்தனை தட்டு திரும்பிச்சு?"

பாதிக்கு மேல் மிச்சத்தோடு வந்தால்தான் அவருடைய அகராதியில் அது திரும்பிய தட்டு.

"ஒண்ணு. அதுவும் ஒரு குழந்தையோடது."

"அதுக்குப் பசிச்சிருக்காது" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சற்று நிமிர்த்தி நடந்து போவார். அந்த நடையைப் பார்க்கிறபோதெல்லாம் அண்ணிக்குக் கல்யாணமான மறுநாள் ஞாபகம் வரும். அன்றைக்கு அவர் தன் கையால் பருப்பு தாளித்து அவளுக்குப் போட்டார். போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, புதுப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு நிரம்பிய பிறகும் பயத்தில் அவள் வழித்துச் சாப்பிட்டாள். அப்போதுதான் மனிதர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவே அவள் முப்பத்து மூன்று வருடங்கள் வாழ்ந்தாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பகல் கூட்டத்தின் நடுவே, நான்கு பருப்புக் கிண்ணங்கள் ஒன்றாக வந்தன. இரண்டு துடைத்தாற்போல் காலி. இரண்டில் பருப்பு அப்படியே இருந்தது. இரண்டின் மேலும் காகிதக் கைக்குட்டை. ஒரே பருப்பு, ஒரே வேளை. உறையைக் கழற்றி, கைக்குட்டையை விலக்கி, கரண்டி படாத ஓரத்தில் சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு! நெஞ்சு வரை இறங்கிக் கரித்தது.

"எத்தனை தட்டு திரும்பிச்சு?" என்று வந்து நின்றார் மாஸ்டர்.

"ஒண்ணுமில்லங்க" என்றாள் அண்ணி. அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

அந்தச் சமையலறையில் பருப்பும் குழம்பும் பெரிய பாத்திரங்களில் உப்பில்லாமல்தான் வெந்திருக்கும். மேசையிலிருந்து கேட்ட பிறகு சின்ன வாணலியில் அள்ளித் தாளித்து, உப்பை அப்போதுதான் போடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வாணலிக்கும் ஒரு தலைவிதி. எந்த வாணலி கெடுகிறது என்று அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தாள். ஒரு வாரத்தில் பிடிபட்டது. ரேடியோ திறப்பில் நின்று, "மாஸ்டர், ரெண்டு கோழிக் குழம்பு, மூணு ரொட்டி!" என்று நடுவில் குரல் கொடுத்தால், அப்போது அடுப்பில் இருந்த வாணலிதான் கெட்டது. மாஸ்டர் திரும்பி, "சரி" என்பார். மறுபடி வாணலிப் பக்கம் திரும்பும்போது, போட்ட உப்பு அவர் மனதில் இருக்காது.

அவருடைய நாக்கு கெடவில்லை. கை நடுங்கவில்லை. ஞாபகம்தான் ஓட்டை விழுந்த பை மாதிரி, அவருக்கே தெரியாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

அண்ணி ஒரு உபாயம் செய்தாள். சிவப்பு மூடி ஒன்றை அடுப்பு மேடையில் வைத்து, "ஒவ்வொரு வாணலிக்கும் உப்பு போட்டதும் இதை வலப்பக்கம் நகர்த்திடுங்க, இறக்கினதும் இடப்பக்கம். எனக்கு ஒரு வேண்டுதல், என்னன்னு கேக்காதீங்க" என்றாள்.

"வேண்டுதலா? தட்டு கழுவறவளுக்கு என்னடி இவ்வளவு பக்தி!" என்று கிண்டல் செய்தார். ஆனாலும் நகர்த்தினார். நான்கு நாட்கள் ஒரு தட்டும் திரும்பவில்லை. அண்ணிக்கு மூச்சு வந்தது.

ஐந்தாம் நாள் அவள் கண்ணெதிரிலேயே நடந்தது. மாஸ்டர் உப்பைப் போட்டார். மூடியை நகர்த்தினார். ரேடியோ கூப்பிட்டாள். திரும்பி வந்தவர் மூடியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இதை யாரு இங்க வெச்சது?"

மூடியை இடப்பக்கம் தள்ளினார். உப்பை எடுத்துப் போட்டார்.

அண்ணியின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவி உடைந்தது. "பார்த்து! கையை வெட்டிக்கப் போற" என்றார் மாஸ்டர், அவ்வளவு அன்பாக.

அன்றிலிருந்து அவள் திறப்பில் மிச்சத்தோடு வந்த தட்டை வந்த வேகத்திலேயே வாளியில் கவிழ்த்தாள், யாரும் பார்த்துவிடாமல். குற்றவாளி மாதிரி! ஆனால் வாடிக்கையாளர்களின் வாயை எந்த வாளியில் கவிழ்ப்பது? அவர்கள் கைபேசியில் எழுதினார்கள். தினமும் காலையில் கடை திறக்குமுன் முதலாளி அவற்றை ரேடியோவை உரக்கப் படிக்கச் சொல்வார்.

"‘இப்படி ஒரு பருப்பைச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு! கண் கலங்கிவிட்டது. ஐந்து நட்சத்திரம்.’"

"அடுத்தது?"

ரேடியோ தயங்கினாள். "‘வாயில் வைக்க முடியவில்லை. ஒரு நட்சத்திரம் தருகிறேன். அதுவும் அவர்கள் கொடுத்த தண்ணீருக்கு.’"

"ரெண்டும் நேத்து மத்தியானம்" என்றார் முதலாளி. "ஒருத்தர் அழுதுட்டுப் போறார், ஒருத்தர் துப்பிட்டுப் போறார். நான் நடத்தறது ஓட்டலா, சூதாட்டமா?"

சிரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாஸ்டருக்குத் துணையாக ரொட்டி அடுப்பில் நிற்பவர் சின்ன மாஸ்டர். நாற்பது வயது. மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். பேச்சு குறைவு. பதினோரு வருடங்களாக மாஸ்டரை "அண்ணே" என்பதைத் தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. முதலாளியின் பார்வை கடைசியில் சின்ன மாஸ்டர் மேல்தான் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை காலை முதலாளி சமையலறைக்குள் வந்தார்.

"மாஸ்டர், இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். உப்பு உங்க கையா, இவன் கையா?"

மாஸ்டர் நிமிர்ந்தார். "அறுபத்தொரு வயசு எனக்கு. பதினாறு வயசுல அடுப்புக்கு வந்தேன். இந்தக் கை உப்பு தப்பினதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் அந்தப் பக்கம் திரும்பறப்ப இவன் போட்டிருப்பான். வேணும்னு இல்ல, உதவி பண்றதா நினைச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை! தான் ஒரு தடவைதான் போட்டோம் என்று அவர் மனசாட்சிக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

"அண்ணே..." என்றார் சின்ன மாஸ்டர். "நானா அண்ணே?"

"நீ ஞாயித்துக்கிழமையோட வேற இடம் பார்த்துக்கோ" என்றார் முதலாளி.

சின்ன மாஸ்டர் கையிலிருந்த மாவு உருண்டையைப் பலகையில் வைத்தார். மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தார், ஒரே ஒரு கணம். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அவருக்கும் தெரியும்! பக்கத்து அடுப்பில் நிற்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். இப்போதும், மூன்று குழந்தைகளின் சோறு கையை விட்டுப் போகிறபோதும், மூடிக்கொண்டுதான் நின்றார்.

பேசாமல் இருந்தால் கணவரின் பெயர் பிழைக்கும். பேசினால் சின்ன மாஸ்டரின் வீட்டில் அடுப்பு எரியும். அண்ணி ரப்பர் உறைகளை உரித்துத் தொட்டியின் விளிம்பில் போட்டாள்.

"முதலாளி, இவர் மேல தப்பில்ல."

"அண்ணி, நீங்க தட்டு கழுவறவங்க. அடுப்புல நடக்கறது உங்களுக்கு எப்படி..."

"தட்டு கழுவறதாலதான் தெரியும். ரெண்டு தடவையும் உப்பு போடறது என் வீட்டுக்காரர்தான். போட்டதை மறந்துட்டு மறுபடி போடறார். நான் கண்ணால பார்த்தேன்."

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ரேடியோ வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் மனைவியை வெகு நேரம் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகத்தை யாரென்று யோசிக்கிறவர் மாதிரி பார்த்தார்.

"தினம் கேட்டேனே" என்றார். "தினம் ஒண்ணுமில்லன்னு சொன்னியே. எத்தனை தட்டு?"

அண்ணி திரும்பி, ஒழுகிய குழாயை இறுக்கி மூடினாள்.

"கேக்கறேன்ல. எத்தனை?"

"நாப்பத்தொண்ணுங்க."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். சமையல் மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. சின்ன மாஸ்டர் ஓடி வந்து பின்னால் நின்று அவிழ்த்துவிட்டார். அதை வாங்கி நாலாக மடித்து அவருடைய கையிலேயே வைத்தார் மாஸ்டர்.

"கோழிக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் வேணும்டா" என்றார். பின்வாசல் வழியாக வெளியே போனார்.

முதலாளி கல்நெஞ்சக்காரர் அல்ல. "வாசல்ல நின்னு வர்றவங்களை வரவேற்கட்டும், அவர் முகம் தெரியாதவங்க யாரு?" என்றார். புதுச் சட்டை ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். மாஸ்டர் இரண்டு வாரங்கள் நின்றார். வாரம் தவறாமல் வந்து ஜன்னல் மேசையில் உட்காரும் ஒரு வயதான தம்பதியைக் கைகூப்பி வரவேற்று உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் மேசைக்கே போய், "வாங்க வாங்க, பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்றார். மூன்றாம் முறை போனபோது அந்த அம்மாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் பார்த்தவள் போல, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இதைத் திறப்பு வழியே அண்ணியிடம் சொல்லும்போது ரேடியோவின் குரல் உடைந்தது. அன்று முழுக்க அவள் வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாம் வாரம் மாஸ்டர் புதுச் சட்டையைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார்.

அண்ணி மட்டும் போய் வந்தாள். சின்ன மாஸ்டரின் கை தப்பவில்லை. ஆனாலும் காலையில் ரேடியோ படித்தாள். "பழைய ருசி போய்விட்டது" என்று ஒருவர். "இப்போதுதான் வாயில் வைக்க முடிகிறது" என்று இன்னொருவர். அண்ணி தட்டுகளை வழித்தாள், கழுவினாள், அடுக்கினாள். பகல் முடிந்து அடுப்பு தணிந்தபின் தொட்டிப் பக்கம் வந்து நிற்க யாரும் இல்லை. மேசைச் சண்டைகளைக்கூட அவள் இப்போது சொல்வதில்லை.

கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அப்படி ஒரு திங்கட்கிழமை மத்தியானம், துணியை உலர்த்திவிட்டு அவள் உள்ளே வந்தபோது தாளிக்கிற வாசனை வந்தது. சமையல்கட்டில் மாஸ்டர் நின்றிருந்தார். தோளில் துண்டு. முதுகு நிமிர்ந்திருந்தது. உப்பைக் கிள்ளி எடுத்துப் பருப்பில் போட்டார். தெருவில் ஏதோ வண்டி ஒலி எழுப்பியது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினார். உப்பை எடுத்துப் போட்டார்.

வாசற்படியில் நின்று அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதே போதாதா?

"வந்துட்டியா? உட்காரு" என்றார். சோறு போட்டு, அதன் மேல் பருப்பை ஊற்றினார். எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்தார்.

உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் அவளுக்கு உத்தரவு போட்டு ஒரு வருடமாகிறது. ரத்த அழுத்த மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. அண்ணி பிசைந்து வாயில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"என்ன, காரமா?"

"இல்லங்க. சூடு."

ஒவ்வொரு கவளமாக விழுங்கினாள். கடைசிப் பருக்கை வரை வழித்து, தட்டை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

மாஸ்டர் சிரித்தார். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் சிரித்த அதே சிரிப்பு.

"எத்தனை தட்டு திரும்பிச்சு?"

"ஒண்ணுமில்லங்க."

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கரண்டியைத் தூக்கினார்.

அண்ணி தட்டை நீட்டினாள்.