செல்லக்கண்ணுவின் சத்தமில்லாத எஞ்சின்

செல்லக்கண்ணுவை உங்களுக்கு அறிமுகம் செய்வதென்றால் முதலில் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். பர்மாவில் டாலாவுக்கும் யாங்கோன் நகரத்துக்கும் நடுவே ஆற்றைக் கடக்கும் சின்னப் படகுகளில் ஒன்று அவருடையது. பன்னிரண்டு பேர் ஏறலாம், பதினைந்து பேர் ஏறுவோம். அவருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். பிறந்த தேதி அவருக்கே தெரியாது. அடையாள அட்டை எழுதியவர் ஜனவரி ஒன்று என்று போட்டு, பெயரையும் பர்மியப் பெயராக, ஊ டின் வின் என்று மாற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். செல்லக்கண்ணு என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், ஏனென்றால் பாதிக் காது போய்விட்டது.

காது போனதற்குக் காரணம் படகின் பின்பக்கம் தொங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மேல்மூடி உடைந்ததை சைக்கிள் டியூபால் கட்டி வைத்திருந்தார். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து எரிந்து நீலப் புகையாக வெளியே வரும். நான் நகரத்துப் பசுந்தாங் பகுதியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், பெயர் சைமன். டாலாவுக்குக் குடிபோன பதின்மூன்று வருடமாக அந்தப் புகை இடுப்பில் கட்டிய என் லோஞ்சியில் ஒட்டிக்கொண்டு அச்சகம் வரை வந்தது. "காலையிலேயே மீன் வறுத்தியா?" என்று முதலாளி கேட்பார். மீன் வறுத்தால் இப்படி நாறாது என்று எத்தனை தடவை சொல்வது.

புகையைவிடப் பெரிய விஷயம் சத்தம். அந்தச் சத்தத்தின் மறைவில் செல்லக்கண்ணு தினமும் எங்களைத் திட்டுவார். கரையில் நிற்கும்போது அவரைப் போல மரியாதை தெரிந்த மனிதர் கிடையாது. "வாங்க கோ சைமன், பாத்து ஏறுங்க" என்று பர்மிய மரியாதைச் சொல் சேர்த்துக் கூப்பிடுவார். எஞ்சின் கயிற்றை இழுத்தாரோ இல்லையோ, முகத்தில் அதே சிரிப்பு, தலையில் அதே ஆட்டம், வாயில் வேறு ஆள்.

"பிழை திருத்துறானாம் பிழை. கழுத்துப் பட்டையில மஞ்சக் கறை, அதத் திருத்த நாதியில்ல. இந்த டீச்சரம்மா கொடைய விரிச்சா படகு சிங்கப்பூருக்கே போயிடும். கருவாட்டுக்காரரு ஏறுனதும் ஒரு சாண் அமுங்குது, ஆனா ஒத்த ஆளு எடம் போதும்பாரு."

பர்மியப் பயணிகளை பர்மிய மொழியிலேயே திட்டுவார். அதில் பாரபட்சம் பார்க்க மாட்டார்.

தான் சொல்வது யாருக்கும் கேட்காது என்று அவர் முழுதாக நம்பினார். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தன் குரலே கேட்கவில்லை. ஆகவே தனக்குக் கேட்கும் வரை குரலை ஏற்றுவார். அவருக்கே கேட்கும்படி கத்தினால் இருபத்தைந்து அடி நீளப் படகில் மற்றவர்களுக்குக் கேட்காமல் எங்கே போகும்? ஒரு வார்த்தை சிந்தாமல் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் சங்கடப்பட்டோம். அப்புறம் ருசி கண்டுவிட்டோம். படகில் புதிதாக யாராவது ஏறினால், "அவர் என்ன சொன்னாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்று சத்யபாமா டீச்சர் ரகசியமாகச் சொல்லி வைப்பார். டீச்சர் நகரத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், அந்தக் குடைக்குச் சொந்தக்காரர். கருவாட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது போல நடித்தார். "காசநோய் வேற" என்று பின்னாலிருந்து வந்தது.

இந்தத் திட்டெல்லாம் ஆற்றின் பாதி வரைக்கும்தான். நங்கூரம் போட்ட கப்பல்களைத் தாண்டியதும் அவர் இன்னொன்று சொல்வார். அதைச் சொல்லும்போது எங்களில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. அவர் மனைவி தைலம்மாளுக்கு ஒரே தம்பி, அய்யாசாமி. நெஞ்சு வலி என்று நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதிகாலையில் ஆள் வந்து, அக்காவைப் பார்க்கணும் என்கிறான், சீக்கிரம் வாங்க என்றார். செல்லக்கண்ணு அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முந்தின நாள் சாயங்காலம் அவர் கூட்டாளிகளோடு கள்ளுக் குடித்துவிட்டு வந்து, பெட்ரோல் டின்னில் எண்ணெய் கலந்திருந்தார். கலந்ததை மறந்துபோய், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கலந்தார். இரட்டை எண்ணெயைக் குடித்த எஞ்சின் நடு ஆற்றில் பிளக் கருத்து நின்றது. லோஞ்சியால் துடைத்துப் போட்டார், நின்றது. மறுபடி துடைத்தார், மறுபடி நின்றது. மாற்று பிளக் கிடையாது. நீர் இறங்கும் நேரம் வேறு, படகு கடல் பக்கமாக இழுபட்டுப் போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து இவர்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலி.

பெட்ரோலில் எவனோ தண்ணீர் கலந்துவிட்டான் என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தினமும் காலையில், கப்பல்களைத் தாண்டியதும், அவர் கத்தத் தொடங்கினார். "அய்யாசாமி, நாந்தான் ரெண்டு வாட்டி ஊத்துனேன். தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல. குடிச்சுட்டு ஊத்துனேன். நீ அக்கா அக்கான்னு கூப்புட்டுக்கிட்டுக் கெடந்திருப்ப. ஒங்கக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்டா."

தைலம்மாள் அதே படகில்தான் இருப்பாள். பயாஜோ, அதாவது நம் பருப்பு வடை, அதைச் சுட்டுக் கூடையில் அடுக்கி நகரத்துக்கு விற்க எடுத்துப் போவாள். உட்காருவது படகின் முன் நுனியில், எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. மாலைப் படகில் அவள் இருக்க மாட்டாள். மாலையில் எங்களுக்குத் திட்டு மட்டும்தான், அய்யாசாமி பேச்சே வராது.

அவளுக்குக் கேட்கிறதா, இல்லையா? அது எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த முதுகு ஒருநாளும் அசைந்ததில்லை. அவளிடம் கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை. ஒரு மனிதனின் வேதனையை வருடக்கணக்கில் ஓசியில் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்படியே போயிருக்கும். ஆனால் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்தது. டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் கடைகளில் அகப்படவில்லை. மற்ற படகுக்காரர்கள் ஒவ்வொருவராக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறினார்கள். பாதிப் பெட்ரோல் போதும், கலக்க எண்ணெயே வேண்டாம். செல்லக்கண்ணு கடைசி ஆளாகத்தான் மசிந்தார். பசுந்தாங் ஓடை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் உஸாமா அவருக்கு ஒரு பழைய ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான்.

அதை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன், தூக்க ஆள் வேண்டும் என்பதால். உஸாமா டின்னில் பெட்ரோல் ஊற்றியதும் செல்லக்கண்ணுவின் கை தானாகவே எண்ணெய் பாட்டிலைத் திறந்தது.

"மாமா, கைய எடுங்க" என்றான் உஸாமா. "இதுக்கு எண்ணெ தனியா உள்ளயே இருக்கு. கலக்கவே கூடாது."

"உள்ளயே இருந்தா எப்படி எரியும்?"

"எரியக் கூடாதுங்கிறேன்."

செல்லக்கண்ணு என்னைப் பார்த்தார். எரியாத எண்ணெயை எதற்கு வைத்திருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. இன்னொன்றும் உஸாமா சொன்னான். பழைய எஞ்சினைப் போல இதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்துப் போடக் கூடாது, பிடி இருக்கும் பக்கம் கீழே வரும்படிதான் படுக்க வைக்க வேண்டும். இருவரும் தலையாட்டினோம். டாலா கரையில் இறங்கி, சைக்காவில், அந்த மூன்று சக்கர வண்டியில், அதை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபக்கமாகத்தான் படுக்க வைத்தோம். ராத்திரி முழுக்க எண்ணெய் போகக் கூடாத இடமெல்லாம் போயிருக்கிறது. மறுநாள் காலை சோதித்துப் பார்க்க ஓட்டியபோது வெள்ளைப் புகை கரையையே மூடிவிட்டது. செல்லக்கண்ணுவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். "இப்பத்தான் எஞ்சின் மாதிரி இருக்கு" என்றார். உஸாமா ஆற்றைக் கடந்து வந்து, எண்ணெயை மாற்றி, எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, "கெய்ஸா மஷிபூ, ஒண்ணும் ஆகல" என்று பிழைக்கவிட்டான். அடுத்த நாள் புகை நின்றது. அதோடு அவருடைய சந்தோஷமும் போயிற்று.

முதல் சவாரி. கயிற்றை இழுத்தார். பிடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை, தையல் மிஷின் அளவுக்குத்தான் சத்தம். படகு நகர்ந்தது. பழக்கம் விடுமா? தலையை ஆட்டி, சிரித்து, வயிறு நிறைய மூச்சை இழுத்து ஆரம்பித்தார்.

"இந்த சைமன் மூஞ்சியப் பாரு, சம்பளத்த எலி தூக்கிட்டுப் போன மாதிரி..."

தன் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை போவதை அவரே கேட்டார். வாய் திறந்தபடி நின்றது. நாங்கள் வழக்கம் போல அசையாமல் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதோடு விட்டிருக்கலாம். சத்யபாமா டீச்சருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பரவாயில்ல சொல்லுங்கண்ணே. போன வாரமும் இதத்தானே சொன்னீங்க" என்றார்.

நான் என்னையும் மீறித் திரும்பிப் பார்த்தேன். செல்லக்கண்ணு எங்களைப் பார்க்கவில்லை. படகின் முன் நுனியில் இருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கறையும் குடையும் கருவாடும் எங்களுக்குக் கேட்டிருந்தால், மற்றதும் கேட்டிருக்கும். எங்களுக்குக் கேட்டது அவளுக்கும் கேட்டிருக்கும். அன்று கப்பல்களைத் தாண்டியபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அவளுக்குக் கேட்டிருக்குமா?"

"தெரியலண்ணே. அவங்கதான் முன்னாடி கோடியில இருக்காங்களே."

"ஒனக்கு அய்யாசாமி விசயம் தெரியுமா?"

எனக்கு அவர் மேல் அப்போது கோபம்தான் வந்தது. பதினோரு வருடமாகக் காதுக்குள் கத்திவிட்டுத் தெரியுமா என்று கேட்டால் என்ன சொல்வது? தெரியும் என்றேன். கரைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அந்தப் படகு சாவு வீடாகிவிட்டது. திட்டு இல்லை, சிரிப்பு இல்லை. வீட்டில் சோறு இறங்கவில்லையாம், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உஸாமாவிடம் போய், சைலன்சரில் ஓட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவன் அடிக்காத குறையாகத் துரத்தியிருக்கிறான். பழைய எஞ்சினையே திருப்பி மாட்டலாமென்று பார்த்தால் அதை உஸாமா பிரித்து எடைக்குப் போட்டுவிட்டான். கருவாட்டுக்காரர் வேண்டுமென்றே இரண்டு ஆள் இடத்தில் உட்கார்ந்து, கால் நீட்டிப் பார்த்தார். அதற்கும் ஒரு வார்த்தை வரவில்லை.

தைலம்மாள் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் வந்தாள். கூடை, தனக்கா மரப்பட்டைக் குழம்பு பூசிய கன்னம், முதுகு.

ஒன்பதாவது நாள். தூறல். கப்பல்களைத் தாண்டினோம். அப்போது தைலம்மாள் கூடையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். எங்கள் எல்லோருடைய தலைகளுக்கும் மேலாகப் புருஷனைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள்.

செல்லக்கண்ணு எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்.

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"மொத நாளே கேட்டுச்சு."

"இத்தன வருசமா ஒண்ணுமே சொல்லலையே நீ."

"சொன்னா நீங்க நிறுத்திருவீங்க." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவன் பேர எங்க வீட்டுல யாரு சொல்றா இப்ப? அம்மா போயிட்டாங்க. அவன் பொண்டாட்டி மிங்கலாடோன் பக்கம் இன்னொருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. பெரிய ஃபெர்ரில வந்தா எனக்கு மழ படாது, பொக படாது, பயாஜோ நாறாது. ஒங்க வாயில அவன் பேரு வருதே, அதுக்குத்தான் தெனம் இதுல வர்றேன். ஒம்பது நாளா ஒருத்தரும் சொல்லல."

"என்னை மன்னிச்சுட்டியா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல. அதப் பத்தி நான் இன்னும் யோசிக்கல. நீங்க சொல்லுங்க."

டீச்சர் குடையை மடக்கினார். கருவாட்டுக்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். செல்லக்கண்ணு மனைவியின் முகத்தைப் பார்த்தபடி, அய்யாசாமி, நாந்தான் ரெண்டு வாட்டி ஊத்துனேன் என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் தைலம்மாள்.