மணவூர் அம்மாவின் கொலுசு வெள்ளி

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு, திருத்தணி மலையடிவாரத்தில் பாவா, அதாவது என் அக்காள் கணவர், நடத்திய வெள்ளிக்கடைக்குள் ஒரு தகடு உருட்டும் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினேன். சென்னையில் பழசாகக் கிடைத்தது. இரண்டு எஃகு உருளைகள், இடைவெளியைக் குறைக்க ஒரு திருகு, சுற்ற ஒரு கைப்பிடி. அரைநாள் சுத்தியல் வேலை அரைமணியில் முடியும் என்று பாவாவிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்.

இரும்பாலைகளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கிடையே நிறுத்தாமல் ஓட்டுவதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். சூடு இருக்கும்வரை உலோகம் வளைந்து கொடுக்கும். நாங்கள் உருட்டியதோ ஆறிய வெள்ளி. அது உருட்ட உருட்ட விறைக்கும். இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை காய்ச்சி இளக்க வேண்டும். அதையும் படித்தவன்தான் நான்.

ஒரு கிருத்திகையன்று காலை மணவூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்குக் கண்நோய் தீர்ந்ததால், உச்சிக்கால பூஜைக்குள் மலைமேல் வெள்ளிக் கண் இரண்டு செலுத்த வேண்டும். தன் கொலுசையே கழற்றிக் கொடுத்தார். வேண்டுதல் வெள்ளியில் வேறு வெள்ளி கலக்கக் கூடாது.

பாவா உருக்கி வார்த்துக் கொடுத்தார். நேரம் மிச்சமாகட்டுமே என்று, நடுவில் காய்ச்சாமலே ஏழெட்டு ஓட்டம் ஓட்டினேன். ஓரத்தில் கிளம்பிய விரிசல் நடுவரைக்கும் ஓடி, தகடு அப்பளம்போல் உடைந்தது.

"இன்னா நைனா, உன் மிஷினு என் கொலுசைத் துன்னுடுச்சா?" என்றார் அந்த அம்மா.

"புஸ்தகத்தைப் படிச்சிகினு வந்து உருட்டறாம்மா அவன். அந்தப் புஸ்தகத்தையே மிஷின்ல போட்டு உருட்டியிருந்தா வெடிச்சிருக்காது," என்றார் பாவா.

"அவசரப்பட்டுட்டேங்க," என்றேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

கடையில் வேறு வெள்ளி இருந்தும் பயனில்லை. இதையேதான் திரும்ப உருக்க வேண்டும். துருத்தி ஊதுகிற ஆள் முதல் வார்ப்பு முடிந்ததுமே காவடி எடுக்கப் போய்விட்டான். ஊத எனக்குக் கை வராது; பாவா தனியாக ஊதி உருக்குவதற்குள் பூஜை முடிந்துவிடும். அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு துருத்தியண்டை உட்கார்ந்தார்.

"நான் ஊதறேன். நீ நிதானமா உருட்டு."

"அடுப்பு ஊதற மாதிரி இல்லம்மா இது," என்றார் பாவா.

"ஆங், அதையும் பாத்துடலாம்."

இம்முறை இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை தகட்டை மங்கிய சிவப்பாகக் காய்ச்சி, நீரில் முக்கி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர்தான் ஊதினார். தகடு விரிசலின்றி நீண்டது. பாவா அதில் இரண்டு கண்களை வெட்டிக் கொடுத்தார். மீந்த துணுக்குகளையும் அந்த அம்மா முடிந்துகொண்டார், அவையும் சாமிக்குத்தான்.

பூஜை மணிக்குக் கொஞ்சம் முன்பாக, கரிக் கையோடு படியேறினார். அன்று அவர் ஊதாதிருந்தால் வேண்டுதல் நேரத்துக்கு முடிந்திருக்காது. திட்டிவிட்டுப் போயிருந்தால், நான் அந்தக் கைப்பிடியை மறுபடி தொட்டிருக்கவும் மாட்டேன்.